அமிலத்தில் கரையாத மிச்சம்

காட்டுத் தரையில் விழுந்த இலை மட்க எத்தனை ஆண்டு ஆகும்? இதைக் கணிக்க விரும்பும் சூழலியலாளர் அந்த இலையை ஒரு வழி பண்ணிவிடுவார். முதலில் காயவைத்து மாவாக அரைப்பார். டைகுளோரோமீத்தேனில் ஊறவைத்து மெழுகையும் கொழுப்பையும் பிரித்தெடுப்பார். அடுத்தது வெந்நீர். சர்க்கரைகளும் கரையக்கூடிய பீனால்களும் அதோடு போகும். கடைசியாக 72 சதவீதக் கந்தக அமிலம். செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும் அதில் உடைந்து கரைந்துவிட, கரும்பழுப்பாக ஒரு தூள் மிஞ்சும். அதை வடிகட்டி, உலர்த்தி, எடைபோட்டு, அட்டவணையில் 'லிக்னின்' என்ற தலைப்புக்குக் கீழே குறித்துக்கொள்வார்.

சுவீடன் வேதியியலாளர் பீட்டர் கிளாசன் மரக்கட்டையை ஆராய வகுத்த வழி இது. அமிலத்தில் மிஞ்சும் அந்தத் தூளுக்கு இன்றும் 'கிளாசன் லிக்னின்' என்றுதான் பெயர். கட்டையைப் பொறுத்தவரை இந்த முறையில் பெரிய குறை கிடையாது. சர்க்கரைச் சங்கிலிகளை நீக்கிவிட்டால் கட்டையில் மிஞ்சுவது பெரும்பாலும் அதற்கு உறுதி தரும் லிக்னின்தான். காகிதக்கூழ் தயாரிப்பவருக்கு அது போதும். அதே முறையை இலைக்கும் எடுத்துக்கொண்டபோதுதான் சிக்கல் வந்தது. 1978-இல் வெர்னன் மீன்டெமேயர், காலநிலையையும் சருகின் லிக்னின் அளவையும் வைத்து மட்கும் வேகத்தைக் கணிக்கலாம் என்று காட்டினார். 1982-இல் ஜெர்ரி மெலில்லோவும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் ஹப்பர்டு புரூக் காட்டுச் சருகுகளை ஆராய்ந்து, லிக்னினுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் அந்த வேகத்தை நன்றாகக் கணிக்கிறது என்றார்கள். இந்த விகிதம் பாடநூல்களுக்குள் போனது. மண்ணிலும் சருகிலும் கார்பன் எவ்வளவு காலம் தங்கும் என்று கணக்கிடும் கணினி மாதிரிகளுக்குள்ளும் போனது. அந்தக் கரும்பழுப்புத் தூள் உண்மையில் என்ன என்ற கேள்வியை அவ்வளவாக யாரும் எழுப்பவில்லை.

இலையும் கட்டையும் ஒன்றல்ல. இலையின் மேல்தோலை மூடியிருப்பது கியூட்டின். கொழுப்பு அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட, இயற்கையே செய்த பாலியெஸ்டர் அது. அமிலம் அதை எளிதில் கரைப்பதில்லை. பல மரங்களின் இலைகளில் துவர்ப்பு தரும் டானின் நிறைய உண்டு. வலுவான அமிலம் பட்டால் டானின் கரைவதற்குப் பதிலாகத் தனக்குள் பிணைந்து இறுகி, கரையாத செந்நிறப் பொருளாகிவிடும். அப்படியானால் கிண்ணத்தின் அடியில் இருப்பதில் எவ்வளவு லிக்னின், எவ்வளவு டானின், எவ்வளவு கியூட்டின்? வேதியியலாளருக்கு வழக்கமான வழி, பொருளை உடைத்துத் துண்டுகளைப் பார்ப்பது. இதுவோ எதற்கும் உடையாததால் மிஞ்சிய பொருள். உடைக்காமலே உள்ளே பார்க்கும் ஒரு வழி வேண்டியிருந்தது.

அந்த வழி இயற்பியலிலிருந்து வந்தது. 1945-இன் இறுதியில் ஹார்வர்டில் எட்வர்டு பர்செல் குழு பாரஃபின் மெழுகிலும், அதற்குச் சற்றுப் பின் ஸ்டான்ஃபோர்டில் ஃபீலிக்ஸ் பிளாக் குழு தண்ணீரிலும் ஒரே விளைவைக் கண்டார்கள். ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் மிகச் சிறிய காந்தம். வலிமையான காந்தப்புலத்தில் வைத்து, அதற்குப் பொருத்தமான அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்தினால் அது அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ளும். இதுதான் அணுக்கரு காந்த ஒத்திசைவு, சுருக்கமாக என்.எம்.ஆர். இருவருக்கும் 1952-இல் நோபல் பரிசு. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இதன் வாரிசுதான். முதல் சோதனைக்கு மெழுகும் தண்ணீரும் அமைந்தது தற்செயல். ஆனால் இலையை ஆராய்பவர்களும் இன்றுவரை பெரும்பாலும் இவ்விரண்டின் பின்னால்தான் அலைகிறார்கள்: மேல்தோலின் மெழுகு, உள்ளே இருக்கும் தண்ணீர்.

என்.எம்.ஆரை வேதியியலாளர் கையில் ஆயுதமாக்கிய சங்கதி ஒன்று உண்டு. அணுக்கரு உணரும் காந்தப்புலத்தை அதைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் சற்றே மறைக்கின்றன. எவ்வளவு மறைக்கின்றன என்பது அந்த அணு எதோடு பிணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் மெழுகுச் சங்கிலியில் உள்ள கார்பன் ஓர் அதிர்வெண்ணிலும், ஆக்சிஜனோடு பிணைந்த கார்பன் வேறோர் அதிர்வெண்ணிலும் பதில் சொல்லும். வேறுபாடு பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகள்தான். அந்தப் பங்குகளையே அளவுகோலாக்கி பி.பி.எம். என்று குறிக்கிறார்கள்.

சருகில் நமக்கு வேண்டியது கார்பன். இங்கே இயற்கை கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டியிருக்கிறது. சாதாரணக் கார்பன்-12-க்குக் காந்தத்தன்மை கிடையாது. காந்தத்தன்மை உள்ள கார்பன்-13, நூறு கார்பன் அணுக்களில் ஏறக்குறைய ஒன்றுதான். அதன் காந்த வலிமையும் ஹைட்ரஜனுடையதில் கால் பங்கு. 9.4 டெஸ்லா என்பது ஆராய்ச்சிக்கூடங்களில் சாதாரணமாகக் காணப்படும் வலிமையான காந்தம். அறை வெப்பநிலையில் அதற்குள்ளேகூட, புலத்தின் திசையில் நிற்பவை எதிர்த்திசையில் நிற்பவற்றைவிடப் பத்து லட்சம் ஹைட்ரஜன் கருக்களில் சுமார் 32 மட்டுமே அதிகம். கார்பன்-13-க்கு இந்த மிகுதி எட்டாகச் சுருங்கிவிடும். நமக்குக் கிடைக்கும் 'ஒலி', அதாவது சமிக்ஞை, முழுக்க இந்த எட்டிலிருந்துதான்.

போதாததற்கு, சருகு திடப்பொருள். திரவத்தில் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் புரண்டுகொண்டே இருப்பதால் பக்கத்துக் காந்தங்களின் தொந்தரவு சராசரியாகி அடங்கிவிடும். திடப்பொருளில் ஒவ்வொரு மூலக்கூறும் தன் இடத்தில் உறைந்து நிற்கிறது. நிறமாலையில் கூர்மையான முகடுகள் வரவேண்டிய இடத்தில் ஒரே மேடாகத் தெரியும். இதற்கு மருந்து வடிவியலில் கிடைத்தது. 1958-இல் வேல்ஸின் பாங்கர் நகரில் ரேமண்ட் ஆண்ட்ரூ குழுவும், அடுத்த ஆண்டு அமெரிக்காவில் இர்விங் லோவும், மாதிரியைக் காந்தப்புலத்துக்கு 54.7 பாகை சாய்த்து வைத்து வேகமாகச் சுழற்றினால் இந்தத் தொந்தரவு கணிதப்படியே பூஜ்ஜியமாவதைக் காட்டினார்கள். ஒரு கனசதுரத்தின் மூலைவிட்டத்துக்கும் அதன் விளிம்புக்கும் இடையே உள்ள கோணம்தான் அது. இயற்பியலாளர்கள் அதற்கு 'மாயக் கோணம்' என்று பெயர் வைத்தார்கள். மாயம் எதுவும் இல்லை, ஒரு சமன்பாட்டின் விடை அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பெயரை விட யாருக்கும் மனம் வரவில்லை.

கார்பனின் பலவீனத்துக்கு 1970-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் அலெக்சாண்டர் பைன்ஸ், கிப்பி, வா ஆகியோர் வழி கண்டார்கள். பக்கத்தில் இருக்கும் ஹைட்ரஜனின் காந்தமாக்கத்தைக் கார்பனுக்கு மாற்றிக்கொடுத்தால் ஒலி நான்கு மடங்கு வரை கூடும். ஹைட்ரஜன் விரைவில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதால் அளவீட்டை அடுத்தடுத்துச் செய்யவும் முடியும். இந்த இரண்டு உத்திகளையும் 1976-இல் ஒன்றாக இணைத்தவர்கள் செயின்ட் லூயிஸ் நகரில் மான்சான்டோ நிறுவனத்தில் பணியாற்றிய ஜேக்கப் ஷேஃபரும் ஸ்டெஜ்ஸ்கலும். பிளாஸ்டிக் மாதிரியான பாலிமர்களைப் பார்க்க வளர்ந்த முறை இது. இலையும் பாலிமர்க் குவியல்தான் என்பதால் சீக்கிரமே தாவர ஆய்வாளர்களிடம் வந்து சேர்ந்தது.

இன்று சருகை ஆராயும் நடைமுறை இதுதான். அரைத்த தூளைச் சிர்கோனியா பீங்கானால் ஆன, சுண்டுவிரலைவிடச் சிறிய குழலில் இறுக அடைப்பார்கள். அழுத்தக் காற்றின் வீச்சில் குழல் சாய்ந்த பம்பரம்போல நொடிக்கு 5,000 சுற்றோ அதற்கு மேலோ சுற்றும். 5,000 என்றால் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்று. ஆயிரக்கணக்கான அளவீடுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தபின் திரையில் நிறமாலை எழும். கரைப்பான் இல்லை, அமிலம் இல்லை. அளவீடு முடிந்ததும் அதே தூளை எடுத்து வேறு சோதனைக்கு அனுப்பலாம்.

நிறமாலையைப் படிக்கப் பழகினால் சருகு தன் கதையைச் சொல்லத் தொடங்கும். மிக உயரமான முகடு 73 பி.பி.எம். அருகே எழும். செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் சங்கிலிகளில் ஆக்சிஜனோடு பிணைந்த கார்பன்களின் கூட்டம் அது. பெரும்பாலான சருகுகளில் மொத்தக் கார்பனில் ஏறக்குறைய பாதி இந்த வட்டாரத்தில்தான் கிடக்கும். இடப்பக்கம் 105-இல், சர்க்கரை வளையங்களைக் கோக்கும் கார்பன். வலப்பக்கம் 30-ஐ ஒட்டி மெழுகும் கியூட்டினும். இதில் ஒரு நுணுக்கம்: சங்கிலிகள் ஒழுங்காகப் படிகம்போல் அடுக்கியிருந்தால் முகடு 33-இல் நிற்கும், தளர்ந்து நெளிந்திருந்தால் 30-இல். ஊசியிலையின் மெழுகுப் பூச்சு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக்கூட இப்படிப் படிக்கலாம். 130-ஐ ஒட்டி வளையக் கார்பன்கள். 145-உம் 155-உம் பீனால் வட்டாரம். 173-இல் அமிலம், எஸ்டர், அமைடு மூன்றும் பிரித்தறிய முடியாமல் ஒன்றாக நெருக்கியடித்து நிற்கும். 56-இல் சிறிதாக, ஆனால் தனித்து நிற்கும் முகடு மெத்தாக்சில். லிக்னினின் அடையாளம் இதுதான், டானினில் இது கிடையாது.

லிக்னினையும் டானினையும் பிரித்தறிய இன்னொரு கெட்டிக்கார உத்தியும் உண்டு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது அதுதான். பதிவு தொடங்குவதற்கு முன் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் சுமார் 40 பங்கு நேரம் கருவியைச் சும்மா விடுகிறார்கள். அந்தக் கண நேரத்தில், ஹைட்ரஜனை இறுக்கமாகச் சுமந்திருக்கும் கார்பன்கள் எல்லாம் ஒலி இழந்து மறைந்துவிடும். ஹைட்ரஜன் இல்லாதவையும், துள்ளிக்கொண்டிருக்கும் தளர்ந்த பகுதிகளும் மட்டும் மிஞ்சும். 105-இல் நிற்கும் செல்லுலோஸ் கார்பனிடம் ஹைட்ரஜன் உண்டு, அது மறையும். டானினிலும் அதே 105-இல் வரும் ஒரு கார்பன் உண்டு, அதனிடம் ஹைட்ரஜன் இல்லை. செல்லுலோஸின் முகட்டுக்குள் அதுவரை ஒளிந்திருந்த டானின் இப்போது தனியாக நிற்கும். 1988-இல் மைக்கேல் வில்சனும் பாட்ரிக் ஹாட்சரும் இந்த வழியில் இன்றைய மரப்பட்டைகளில் மட்டுமல்லாமல் புதைபடிவப் பட்டைகளிலும் டானினைக் கண்டார்கள்.

கிளாசன் கிண்ணத்தின் அடியில் கிடந்ததை இந்தக் கருவிக்குள் போட்டுப் பார்த்தவர்களில் முதன்மையானவர் கனடாவின் கரோலின் பிரெஸ்டன். பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்டோரியா நகரில் உள்ள பசிபிக் வன ஆய்வு மையத்தில் பணியாற்றியவர். அவருக்கு வாய்த்த களமும் பெரியது. 1992-இல் கனடா வன அறிவியலாளர்கள் நாடெங்கும் ஒரு சருகுச் சோதனையைத் தொடங்கினார்கள். ஆஸ்பென், பீச், வெள்ளை பிர்ச், டக்ளஸ் ஃபிர், ஜாக் பைன், கறுப்பு ஸ்புரூஸ், டாமராக், சிடார், ஒரு பெரணி, ஒரு புல் என்று பத்து வகை இலைகளை வலைப்பைகளில் அடைத்து, மரக்கட்டைத் துண்டுகளோடு சேர்த்து, 21 இடங்களில் தரையில் வைத்தார்கள். குறித்த இடைவெளிகளில் பைகளை எடுத்து எடைபோட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். பொறுமையைத் தவிர வேறு பெரிய செலவில்லாத சோதனை. அறிவியலில் கிடைப்பதற்கு அரிய சரக்கும் அந்தப் பொறுமைதான்.

பிரெஸ்டனும் அவருடைய குழுவும் பிரிப்பு முறையின் ஒவ்வொரு கட்டத்திலும் மிஞ்சியதை என்.எம்.ஆரில் பார்த்து 1997-இல் வெளியிட்டார்கள். அமிலத்தில் கரையாத தூள் லிக்னின் என்றால் நிறமாலையில் வளைய முகடுகளும் 56-இல் மெத்தாக்சிலும் ஆட்சி செய்யவேண்டும். இலைகளின் தூளிலோ 30-ஐ ஒட்டிக் கியூட்டினின் முகடு கொழுத்து நின்றது. டானினின் அடையாளங்களும் தெரிந்தன. மரக்கட்டையின் தூள் மட்டும் ஒழுங்காக லிக்னினைப்போல நடந்துகொண்டது. ஆறு ஆண்டு மட்கலை விவரித்த 2009-ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலேயே லிக்னின் என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டு, அதற்கு என்ன பொருள் என்று கேட்டிருந்தார்கள். இப்போது கவனமாக எழுதுபவர்கள் அந்த மிச்சத்தை 'அமிலத்தால் நீராற்பகுக்க முடியாத எச்சம்' என்கிறார்கள். நாக்கு சுளுக்கும் பெயர்தான். ஆனால் அதில் பொய் இல்லை.

இதனால் லிக்னினும் நைட்ரஜனும் பற்றிய பழைய விகிதம் வீண் என்று ஆகிவிடாது. அது பல காடுகளில் நன்றாகவே கணித்தது, இன்றும் கணிக்கிறது. ஏன் கணிக்கிறது என்பதற்குச் சொல்லிவந்த காரணம்தான் ஆட்டம் கண்டது. கியூட்டின் மட்குவது வேறு விதம், டானின் மட்குவது வேறு விதம். டானினில் ஒரு பகுதி மழைநீரிலேயே கரைந்து போகும், மற்றொரு பகுதி புரதத்தோடு பிணைந்து நைட்ரஜனைப் பூட்டிவைக்கும். மூன்றையும் ஒரே எண்ணில் அடைத்தால் ஒரு காட்டில் பலிக்கும் கணிப்பு இன்னொரு காட்டில் ஏன் சறுக்குகிறது என்று புரியாது. 2013-இல் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜூலியானோ பொனனோமி, ஸ்டெஃபானோ மாட்சோலேனி குழு ஒரு படி மேலே போனது. பலவகைச் சருகுகளை மட்கவைத்து, எந்த அளவீடு வேகத்தை நன்றாகக் கணிக்கிறது என்று ஒப்பிட்டார்கள். நிறமாலையில் 70 முதல் 75 வரையுள்ள சர்க்கரைப் பகுதியை, 52 முதல் 57 வரையுள்ள மெத்தாக்சில் பகுதியால் வகுத்துக் கிடைத்த எண், கார்பன்–நைட்ரஜன் விகிதத்தையும் லிக்னின்–நைட்ரஜன் விகிதத்தையும் முந்தியது.

ஆனால் இந்தக் கருவியை உண்மை விளம்பி என்று தூக்கிவைத்துக்கொள்வதற்கும் இல்லை. ஹைட்ரஜனிடம் கடன் வாங்கும் உத்தியில், ஹைட்ரஜனுக்கு வெகு தொலைவில் உள்ள கார்பன்கள் குறைவாகவே ஒலிக்கும். காட்டுத்தீயில் கருகிய சருகின் கரி அதனால் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். இரும்புச்சத்து மிகுந்த கனிமமண் கலந்துவிட்டால் காந்த இரைச்சலில் நிறமாலையே சரியாக எழாது. மண்ணை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கழுவிவிட்டுத்தான் பார்க்கிறார்கள். அமிலமே வேண்டாம் என்று கிளம்பியவர்கள் கடைசியில் அமிலத்திடமே வந்து நிற்கிறார்கள்! இவற்றைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. 73-இல் ஒலிப்பது இலையின் செல்லுலோஸா, அதைத் தின்று வளர்ந்த பூஞ்சையின் செல்சுவரா என்று இந்த நிறமாலை சொல்லாது. இரண்டும் சர்க்கரைச் சங்கிலிகள், இரண்டும் ஓரிடத்தில்தான் ஒலிக்கும். மட்கும்போது சர்க்கரை முகடு தாழ்ந்து மெழுகு முகடு உயரும் என்பதை ஆஸ்திரேலியாவின் ஜெஃப் பால்டாக் மட்கலுக்கான அளவுகோலாகவே முன்வைத்தார். அந்த அளவுகோலைப் படிக்கும்போதும் பூஞ்சையை மறந்துவிடக் கூடாது.

இனி கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம். இலை சருகாவது விழுந்த நாளில் தொடங்குவதில்லை. மரத்தில் இருக்கும்போதே அது தன்னைக் கலைக்கத் தொடங்கிவிடுகிறது. பசுங்கணிகங்களை உடைத்து, புரதத்தின் நைட்ரஜனை அமினோ அமிலங்களாக்கி, தண்டுக்கும் விதைக்கும் அனுப்பிவிட்டுத்தான் பழுக்கிறது. எவ்வளவு அனுப்பியது, எவ்வளவு அனுப்பாமல் விழுந்தது என்பதுதான் சருகின் தரத்தைத் தீர்மானிக்கிறது. பச்சை இலையில் தண்ணீர் மிகுதி. அதை வெட்டாமல் பார்க்க மெழுகை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடிக்கவேண்டும்.

பிரான்சின் ரென் நகரில் மாயா முஸ் குழு ரேப்சீடு செடியில் செய்தது இதைத்தான். நம் கடுகுக்கு நெருங்கிய உறவுக்காரப் பயிர் அது. அதன் முதிர்ந்த இலைகள் கணிசமான நைட்ரஜனோடு உதிர்ந்துவிடுகின்றன என்பது ஐரோப்பிய விவசாயிகளுக்கு ஒரு தலைவலி, உரமிட்ட காசு தரையில் கிடக்கிறது என்று பொருள். எந்த இலை எப்போது மூப்படையத் தொடங்குகிறது என்று அறிய அவர்கள் பெரிய காந்தம் எதையும் தேடவில்லை. 20 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் மேசைக் கருவி போதுமானதாக இருந்தது. ரேடியோத் துடிப்பு கொடுத்தபின் தண்ணீரின் ஒலி எவ்வளவு நேரத்தில் தேய்கிறது என்று மட்டும் அளந்தார்கள். செல்சுவரில் ஒட்டியிருக்கும் தண்ணீர் சில மில்லிநொடிகளில் மௌனமாகிவிடும். பசுங்கணிகத்தில் இருப்பது அதைவிடச் சற்று நீளும். செல்லின் நடுவே வாக்குவோல் எனும் பெரிய சாற்றுப்பையில் தாராளமாகப் புரளும் தண்ணீர் நூறு மில்லிநொடிக்கு மேல் ஒலித்துக்கொண்டிருக்கும். இளம் இலையில் இந்த நீண்ட ஒலி ஒன்றாகவே இருந்தது. மூப்பு தொடங்கியதும் இரண்டாகப் பிரிந்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, இலையின் மேலடுக்கில் உள்ள பாலிசேட் செல்கள் பருத்து, அவற்றின் சாற்றுப்பைகளும் பெரிதாகியிருந்தன. பையின் அளவு கூடக் கூட ஒலியும் நீளும். நிறம் மாறுவதைப் பார்த்து மூப்பை மதிப்பிடும் வழக்கத்துக்கு, இலையின் உள்கட்டமைப்பையே நேராகக் காட்டும் துணை இப்படிக் கிடைத்தது.

பச்சை இலையில் கார்பனைப் பின்தொடரும் வேலையை மாயக் கோணத்தையும் காந்தமாக்க மாற்றத்தையும் இணைத்த அதே ஷேஃபர் செய்தார், இம்முறை செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து. லினெட் செகெல்ஸ்கியும் அவரும் கார்பன்-13 கொண்ட கரியமில வாயுவைச் சோயா இலைகளுக்குச் சில நிமிடங்கள் சுவாசிக்கக் கொடுத்து, உறையவைத்து, உலர்த்தி, முழு இலையையே திடநிலை என்.எம்.ஆரில் பார்த்தார்கள். இலை கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனைத் தவறிப் பிடித்து, சேர்த்த கார்பனில் ஒரு பங்கை இழக்கும் ஒளிச்சுவாசம், நல்ல நீரும் உரமும் பெற்ற செடியில் ஒளிச்சேர்க்கையின் 17 சதவீத அளவுக்கு நடக்கிறது என்று 2006-இல் கணக்கிட்டார்கள். உறிஞ்சிய கார்பன் இலையை விட்டுக் கிளம்பியபின் ஓடும் வேகத்தை வேறொரு குழு அளந்திருக்கிறது. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் காரெல் விண்ட், ஹென்க் வான் ஆஸ் குழு பாப்லர், தக்காளி, ஆமணக்கு, புகையிலை ஆகியவற்றின் தண்டுகளை எம்.ஆர்.ஐ.யில் நிறுத்திப் பார்த்தது. மரமென்ன, செடியென்ன, இலை செய்த சர்க்கரையைக் கடத்தும் புளோயம் என்ற திசுவில் சாறு ஓடும் வேகம் நான்கிலும் நொடிக்கு 0.25 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள்ளேயே இருந்தது.

அணுக்கருவை விட்டு எலெக்ட்ரானுக்கு வந்தால் இன்னொரு வாசல் திறக்கிறது. இணை சேராத எலெக்ட்ரானும் காந்தம்தான், புரோட்டானைவிட ஏறக்குறைய 660 மடங்கு வலிமையான காந்தம். 1944-இல் சோவியத் நாட்டின் கசான் நகரில் எவ்கெனி சவோய்ஸ்கி இதன் ஒத்திசைவைக் கண்டார். ஈ.பி.ஆர். என்று சுருக்கி வழங்கும் இந்த முறையை உயிருள்ளவற்றுக்கு முதலில் கொண்டுவந்தவர்களில் பேரி காமனரும் ஜோனத்தன் டவுன்சென்டும் ஜார்ஜ் பேக்கும் முக்கியமானவர்கள். அவர்களும் செயின்ட் லூயிஸ்காரர்கள்தான், ஷேஃபர் பின்னாளில் சேர்ந்த அதே பல்கலைக்கழகம். தண்ணீர் மைக்ரோ அலையை விழுங்கிவிடும் என்பதால் உறையவைத்து உலர்த்திய திசுக்களில் 1954-இல் பார்த்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துக் காமனர், பசுங்கணிகங்கள்மீது ஒளி பட்டதும் ஒத்திசைவு எழுவதையும், இருட்டியதும் அது தணிவதையும் காட்டினார். ஒளிச்சேர்க்கையில் எலெக்ட்ரான் தனித்து அலைவதைக் கண்ணால் கண்டதுபோன்ற சான்று அது. இதே காமனர்தான் பின்னர் அணுகுண்டுச் சோதனைகளின் ஸ்ட்ரான்சியம் குழந்தைகளின் பாற்பற்களில் சேர்வதை ஆராயும் இயக்கத்தில் முன்னின்றவர், 1980-இல் அமெரிக்க அதிபர் தேர்தலிலும் நின்றவர்.

ஈ.பி.ஆர். கருவியில் பச்சை இலையை வைத்தால் ஆறு கோடுகள் வரிசையாகத் தெரிவதுண்டு. மாங்கனீசு-2 அயனியின் கையெழுத்து அது. மாங்கனீசு அணுக்கருவின் தற்சுழற்சி ஐந்தின் பாதி என்பதால் எலெக்ட்ரானின் கோடு ஆறாகப் பிளக்கிறது. 1984-இல் மெக்கெயின், செலிக், கோவிந்ஜி, மார்க்லி ஆகியோர், நார்வே மேப்பிள் போன்ற சில இலைகளில் என்.எம்.ஆர்., ஈ.பி.ஆர். இரண்டும், இலையைக் காந்தத்துக்குள் எந்தப் பக்கமாகத் திருப்பிவைக்கிறோம் என்பதற்கேற்ப மாறுவதைக் கண்டார்கள். பசுங்கணிகங்கள் இலைக்குள் ஒரே சீராக அடுக்கப்பட்டிருப்பதும், அவற்றின் சவ்வுகளில் மாங்கனீசு ஒட்டியிருப்பதும் அதற்குக் காரணமாயின.

மாங்கனீசுக்கு இலையில் முக்கியமான வேலை உண்டு. நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியமும் சேர்ந்த கொத்துதான் தண்ணீரை உடைத்து ஆக்சிஜனை வெளியேற்றுகிறது. 1981-இல் சார்லஸ் டிஸ்மூக்ஸும் சிடரரும் ஒளி பட்ட பசுங்கணிகங்களை உறையவைத்துப் பார்த்தபோது, ஆறு கோடுகளுக்குப் பதில் நெருக்கமான பல கோடுகள் கிடைத்தன. மாங்கனீசு அணுக்கள் தனித்தனியே இல்லை, ஒன்றோடொன்று பிணைந்து இயங்குகின்றன என்பதற்கு அது சான்று. அந்தக் கொத்தின் வடிவத்தை 1.9 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் ஜப்பானியக் குழு 2011-இல்தான் எக்ஸ்-கதிரால் வரைந்தது.

இலை விழுந்த பிறகு அதே தனிமம் வேறு வேலைக்குப் போகிறது. வெண்மட்கல் பூஞ்சைகள் மாங்கனீசு-2-ஐ மாங்கனீசு-3 ஆக ஏற்றுகின்றன. அது நிலையில்லாத, வெறிபிடித்த ஆக்சிஜனேற்றி. லிக்னினின் வளையங்களைத் தாக்கி உடைப்பது அதுதான். இந்த மாற்றத்தைச் செய்யும் பூஞ்சையின் நொதி பெரியது, லிக்னின் வலைக்குள் அதனால் நுழைய முடியாது. சிறிய மாங்கனீசு அயனி நுழைந்துவிடும். 2015-இல் மார்கோ கெய்லுவைட் குழு, ஒரிகான் மாநிலத்தின் ஆண்ட்ரூஸ் காட்டில் ஏழு ஆண்டுச் சருகு அடுக்குகளில் இந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்தது. புதுச்சருகில் மாங்கனீசு-2-ஆக இருந்தது, மட்கல் மும்முரமாக நடக்கும் அடுக்குகளில் மாங்கனீசு-3-ஆக மாறி, பிறகு வினையாற்றாத ஆக்சைடாகப் படிந்தது. இதற்கு அவர்கள் ஈ.பி.ஆரை நம்பியிருக்கவில்லை, எக்ஸ்-கதிர்களை எடுத்துக்கொண்டார்கள். அதற்குக் காரணம் உண்டு: இணை சேராத எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் சாதாரண ஈ.பி.ஆர். கருவிக்கு அது பெரும்பாலும் தென்படாது. மாங்கனீசு-2-இல் அவை ஐந்து, மாங்கனீசு-3-இல் நான்கு. பச்சை இலையில் ஆறு கோடுகளாக வெளிப்படையாகத் தெரிந்த அணு, சருகில் தன் முக்கியமான வேலையில் இறங்கும் நேரத்தில் அந்தக் கருவியின் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது. அதிக அதிர்வெண்ணிலும், அலையின் காந்தப்பகுதியைப் புலத்துக்கு இணையாகத் திருப்பியும் இயங்கும் சிறப்புக் கருவிகளால் அதைப் பிடிக்க முடியும். ஒளிச்சேர்க்கை ஆய்வுக்கூடங்களில் அவை சில காலமாகவே இருக்கின்றன.